கண்ணீரில் இருக்கும் கேடயம்

மனிதன் சிந்தும் கண்ணீரைப் பற்றிப் பேசாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. துயரத்தின் அடையாளமாகவும், பிரிவின் மொழியாகவும், இரவின் தனிமையில் இறைவனை அஞ்சி உருகும் அடியானின் சாட்சியாகவும் அது பாடப்பட்டுள்ளது. ஆனால் நாம் அழாத நேரத்திலும் கண்ணீர் சுரந்துகொண்டேயிருக்கிறது என்பதையும், ஒவ்வோர் இமைப்பும் அதனைக் கண்மீது ஒரு மெல்லிய திரையாகப் பரப்புகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கண் ஈரமும் வெதுவெதுப்பும் உடைய உறுப்பு. விழித்திருக்கும் நேரமெல்லாம் தூசியும் கிருமியும் வந்து படியும் வாசல். அவ்வாசலைப் படைத்தவன் அதனைக் காவலின்றி விட்டுவிடவில்லை. அக்காவல் எது, அதனை இன்று மனிதன் எவ்வாறு எடுத்தாளத் தொடங்கியிருக்கிறான், அவ்வாறு ஆள்வதில் நம் மார்க்கத்தின் நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி எது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

1921-ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் மாநகரத்துச் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்னும் அறிஞர், தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்கிலிருந்து சிறிது சளியை எடுத்துக் கிருமிகள் வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தில் கிருமிகள் கரைந்து மறைந்திருந்தன. பின்னர்க் கண்ணீரைச் சோதித்தார். அவ்வாற்றல் அதிலும் மிகுந்திருக்கக் கண்டார். சோதனைக்குப் போதிய கண்ணீர் வேண்டுமே! எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் விட்டு, ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களை அழவைத்துச் சேகரித்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் கோழி முட்டையின் வெண்கருவிலும் அதே பொருள் இருந்தது. 1922-இல் அதற்கு 'லைசோசைம்' என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்.

பாக்டீரியா என்னும் நுண்கிருமி பெரும்பாலும் தன்னைச் சுற்றி ஒரு மதில் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. சர்க்கரை வகைப் பொருள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து அமைந்த மதில் அது. உள்ளேயிருக்கும் அழுத்தம் அக்கிருமியை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்க, மதிலே அதனைத் தாங்கி நிற்கிறது. லைசோசைம் அச்சங்கிலியின் கண்ணிகளைத் துண்டிக்கிறது. மதில் இற்றதும், கிருமி தன் அழுத்தத்தாலேயே வெடித்து அழிகிறது. மனித உடலின் அணுக்களுக்கு அத்தகைய மதில் இல்லாமையால், நமக்கு அதனால் ஊறு இல்லை. பகைவனை மட்டும் அறிந்து வெட்டும் வாள் அது.

எனினும் அந்த வாளுக்கு ஒரு குறை இருந்தது. கொடிய நோய்களை விளைவிக்கும் கிருமிகளில் பல அதற்கு அசையவில்லை. ஆகவே மருத்துவ உலகம் அதனை ஒரு வியப்பாக மட்டும் எடுத்து வைத்துவிட்டது. 1928-இல் அதே ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டபின், உலகின் கண்கள் யாவும் அப்பக்கமே திரும்பின. ஆன்டிபயாடிக் மருந்துகளின் காலம் பிறந்தது. பிரசவத்தில் தாய்மார் மாண்டதும், சிறு புண்ணால் இளைஞர் மாண்டதும் பெரிதும் குறைந்தன. அந்த நன்மையை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

ஆயினும் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஃபிளெமிங் எச்சரித்தார்: போதாத அளவில் மருந்தை உட்கொண்டால், கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்றார். எச்சரிக்கை பலித்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். மருந்தைக் கண்ட இடத்தில் வாங்கி விழுங்கியதும், பாதியில் நிறுத்தியதும், கோழியும் கால்நடையும் விரைந்து பருக்க வேண்டுமென்று தீவனத்தில் கலந்ததும் இதற்குக் காரணங்கள். தீவனத்தில் அவ்வாறு கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006-இல்தான் முற்றாகத் தடுத்தன. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுப்பதை இந்தியா 2019-இல்தான் தடுத்தது.

பழைய மருந்துகள் மழுங்கிவரும் இந்நிலையில், அறிஞர்கள் மீண்டும் கண்ணீரின் பக்கம் திரும்பியிருக்கின்றனர். மனித உடல் தானே செய்துகொள்ளும் கிருமிக்கொல்லிப் புரதங்களை மரபணுப் பொறியியலால் பெருக்கவும் திருத்தவும் முயல்கின்றனர்.

எழுத்தும் பிரதியும்

புரதம் என்பது ஒரு வாக்கியம் போன்றது. அரபு மொழியை 28 எழுத்துக்களைக் கொண்டு எழுதுகிறோம். புரதத்தை எழுதும் எழுத்துக்கள் 20. அவற்றுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மனிதக் கண்ணீரின் லைசோசைம் 130 எழுத்துக்களாலான ஒரு வாக்கியம். அவ்வாக்கியத்தின் மூலப்படி நம் அணுக்களுக்குள் மரபணுவாகப் பதிவாகியிருக்கிறது. அம்மூலத்தைப் படியெடுத்து வேறோர் உயிரின் அணுவுக்குள் வைத்தால், அவ்வுயிரும் அதே வாக்கியத்தை எழுதத் தொடங்குகிறது. மரபணுப் பொறியியல் என்பதன் சாரம் இவ்வளவே.

இது நம் வீடுகளுக்குப் புதியதன்று. நீரிழிவு நோயாளர் ஊசி வழி ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் முன்னர்ப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ளரூரத் என்னும் நிர்ப்பந்த விதியின் கீழ் அதனைப் பற்றி உலமாக்கள் ஆராய வேண்டியிருந்தது. மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த மருந்து 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதன் பயனாக எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களின் மனச்சங்கடம் நீங்கிற்று.

லைசோசைம் விஷயத்தில் நடந்தவற்றுள் இரண்டைச் சொல்வோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து அறிஞர்கள், மனித லைசோசைமைப் பாலில் சுரக்கும் வெள்ளாடுகளை உருவாக்கினர். முதல் ஆடு 1999-இல் பிறந்தது. தாய்ப்பாலில் அப்புரதம் மிகுதி. ஆட்டுப்பாலில் மிகக் குறைவு. இந்த ஆடுகளின் பாலிலோ தாய்ப்பாலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. வயிற்றுப்போக்குக்கு ஆளான பன்றிக்குட்டிகளுக்கு அப்பாலைக் கொடுத்தபோது அவை விரைந்து தேறின என்று 2013-இல் வெளியிட்டனர். பன்றியைச் சோதனைக்கு எடுத்தது அதன் குடல் மனிதக் குழந்தையின் குடலை ஒத்திருப்பதால். வயிற்றுப்போக்கால் ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் இறக்கின்றனர் என்பதை நினைத்தால், இம்முயற்சியின் அருமை விளங்கும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயால் நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும். அதில் ஒருவகைக் கிருமி குடியேறி, ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். அந்நோயாளரின் நுரையீரலிலும் லைசோசைம் உண்டு. ஆனால் அதன் மேனியில் நேர்மின்னூட்டம் இருப்பதால், சளியில் கிடக்கும் எதிர்மின்னூட்டமுள்ள பொருள்களோடு ஒட்டிக்கொண்டு பயனிழந்து போகிறது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி அறிஞர்கள், 130 எழுத்துக்களில் ஓரிரு எழுத்தை மாற்றி, அம்மின்னூட்டத்தைக் குறைத்தனர். திருத்திய புரதம் ஒட்டிக்கொள்ளாமல் பகைவனைச் சென்று தாக்கியது என்று 2010-இல் அறிவித்தனர். ஓர் எழுத்தின் மாற்றத்தால் பொருள் தலைகீழாவதை அரபு இலக்கணம் கற்றோர் நன்கறிவர். இங்கே மாற்றம் பொருளைக் கெடுக்காமல் கூர்மையாக்கிற்று.

படைப்பை மாற்றுதலா?

இத்தகைய செய்தியைக் கேட்டதும் இறையச்சமுள்ள நெஞ்சில் எழும் முதற்கேள்வி, இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுதல் ஆகாதா என்பது. சூரத்துந் நிஸாவில், மனிதரை ஏவி இறைவனின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சபதமிட்டதாக வரும் செய்தியை நாம் அறிவோம். கேள்வி மதிக்கத்தக்கது; அதனை எள்ளி நகையாடுவோர் அறிவியலையும் அறியார், மார்க்கத்தையும் அறியார்.

ஆயினும் அத்திருவசனத்தின் சூழலை நோக்க வேண்டும். பொய்த் தெய்வங்களின் பெயரால் கால்நடைகளின் காதுகளை அறுத்துவிடும் அறியாமைக்கால வழக்கம் அதே இடத்தில் பேசப்படுகிறது. இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித் (ரஹ்) போன்ற முற்கால விரிவுரையாளர் பலர் அங்கே 'படைப்பு' என்பதற்கு 'மார்க்கம்' என்றே பொருள் கொண்டனர். நோய்க்கு மருந்து தேடுவதோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்த செயல். இறைவன் இறக்கிய நோய் ஒவ்வொன்றுக்கும் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்ற கருத்து ஸஹீஹான ஹதீதில் வந்துள்ளது. மக்காவில் 1998-இல் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றமும், நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம், அதனினும் பெரிய தீங்கு விளையக்கூடாது என்று நிபந்தனையோடு தீர்மானித்தது. மனிதனின் ஆளுமையைக் குலைக்கவும் தீய நோக்கத்துக்கும் அதனைப் பயன்படுத்துவதைத் தடுத்தது.

வேறொரு ஐயமும் எழலாம். மனித உடலின் பாகங்களை விற்பதும் உண்பதும் மனிதனின் கண்ணியத்துக்கு முரண் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அப்படியாயின் மனிதப் புரதம் கலந்த ஆட்டுப்பாலை அருந்தலாமா? ஒரு மனிதரிடமிருந்து எதுவும் பறித்து அந்த ஆட்டுக்குள் வைக்கப்படவில்லை. கிதாபின் ஒரு நுஸ்காவைப் பார்த்து மறுநுஸ்கா எழுதினால், மூலத்திலிருந்து ஓர் எழுத்தும் குறைவதில்லை. மரபணுவைப் படியெடுப்பதும் அத்தகையதே. அவ்வாறெனில் ஒரே ஆட்டின் அப்பாலை அருந்திய இரு குழந்தைகள் பால்குடிச் சகோதரர் ஆவரோ என்று நம் மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். ரளாஅத் என்னும் உறவு பெண்ணின் பாலால் மட்டுமே உண்டாகும். ஒரே ஆட்டின் பாலைக் குடித்த குழந்தைகளுக்கு அவ்வுறவு இல்லை என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் தெளிவு.

ஆகவே முதற்கேள்விக்கு விடை எளிது: இது மருத்துவம், அடிப்படையில் கூடும். ஆனால் இத்துடன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டால், உண்மையான கேள்வியை நாம் தொடவேயில்லை என்றாகும். மாற்றப்பட்டதே ஆபத்து என்று நாம் எண்ணுகிறோம். இங்கே ஆபத்து ஒத்திருப்பதில் அல்லவா ஒளிந்திருக்கிறது!

தவளை தந்த பாடம்

இதனை விளக்க ஒரு தவளையின் கதையைச் சொல்ல வேண்டும். 1980-களில் மைக்கேல் ஸஸ்லோஃப் என்னும் அமெரிக்க அறிஞர், ஆப்பிரிக்கத் தவளைகளை அறுவை செய்து, தையலிட்டு, மீண்டும் தொட்டி நீரில் விட்டுவந்தார். தூய்மையற்ற நீரில் கிடந்தும் அவற்றின் புண் சீழ்ப்பிடிக்காமல் ஆறியது. தவளையின் தோலே ஒரு கிருமிக்கொல்லியைச் சுரப்பதை அவர் 1987-இல் வெளியிட்டு, அதற்கு 'மகைனின்' என்று பெயரிட்டார். எபிரேய மொழியில் 'மகேன்' என்றால் கேடயம். நம் அரபு மொழியில் 'மிஜன்னு', 'ஜுன்னத்' என்பனவும் கேடயத்தையே குறிக்கும். இரண்டு மொழிக்கும் வேர் ஒன்றே. நோன்பைக் கேடயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வருணித்ததும் இந்த 'ஜுன்னத்' என்னும் சொல்லாலேதான்.

மகைனினைத் திருத்திச் செய்த 'பெக்சிகனான்' என்னும் பொருள், நீரிழிவு நோயாளரின் காற்புண்ணுக்குப் பூசும் மருந்தாக ஆராயப்பட்டது. அப்போது கிரஹாம் பெல் (தொலைபேசியைக் கண்டவர் அல்லர், கனடா நாட்டு உயிரியல் அறிஞர்), கூயோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆகிய இருவரும் 2003-இல் ஓர் எச்சரிக்கை எழுதினர். அதன் சாரம் இது: பூஞ்சையிலிருந்து எடுத்த பெனிசிலினுக்குக் கிருமி பழகிவிட்டால், ஒரு மருந்தை இழப்போம். ஆனால் நம் உடலே செய்யும் புரதத்தையோ, அதனைப் போன்ற ஒன்றையோ மருந்தாக்கி உலகெங்கும் பரப்பி, கிருமி அதற்குப் பழகிவிட்டால், மருந்தை மட்டுமா இழப்போம்? அம்மருந்தைத் தொட்டறியாத மனிதர்களின் உடலிலிருக்கும் கேடயத்தையும் அக்கிருமி ஊடுருவக் கற்றிருக்குமே!

அவ்வாறு கிருமி எளிதில் பழகாது என்பது ஸஸ்லோஃபின் கருத்து. கருத்து வேறுபட்ட இருவரும் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் சாடிக்கொண்டு நிற்கவில்லை. சேர்ந்தே சோதித்துப் பார்த்தனர். அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனபோது, 600, 700 தலைமுறைகளுக்குள் கிருமிகள் பெக்சிகனானைத் தாங்கப் பழகின. கிருமியின் தலைமுறை நம் தலைமுறை போன்றதன்று. இத்தனை தலைமுறைகளும் சில மாதங்களில் கடந்துவிடும். அம்முடிவைத் தாங்கிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. இக்திலாஃபின் அதபு என்று நாம் மதரசாக்களில் கற்பிப்பதை அவ்விருவரும் செயலில் காட்டினர். பின்னர் 2012-இல் ஹேபட்ஸ், பிராக்ஹர்ஸ்ட் என்னும் இருவர், புண்களில் சீழ் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைப் பெக்சிகனானுக்குப் பழக்கினர். பழகிய கிருமி, மனிதனின் வெள்ளையணுக்கள் செய்யும் டிஃபென்சின் என்னும் புரதத்தையும் முன்னைவிட மிகுதியாகத் தாங்கி நின்றது.

இங்கே நிதானமும் வேண்டும். இவை ஆய்வுக்கூடத்துச் சோதனைகள். நம் உடல் ஒரே கேடயத்தை நம்பியும் இல்லை. கண்ணீரிலேயே பலவகைக் காவற்புரதங்கள் சேர்ந்து பணிபுரிகின்றன. முட்டை வெண்கருவின் லைசோசைமைப் பாலாடைக்கட்டி கெடாதிருக்கப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகின்றனர். அதனால் பேரிடர் எதுவும் விளையவில்லை. அதே வேளையில், லைசோசைமுக்கு எதிராகத் தன் மதிலைத் திருத்திக்கொள்ளும் வித்தை ஸ்டஃபைலோகாக்கஸுக்கு முன்பே தெரியும். அதனை முடக்கும் ஒரு பொருளை ஈ-கோலை என்னும் குடற்கிருமி தானே செய்துகொள்கிறது. வித்தை அறிந்த சில கிருமிகள் இருக்கின்றன. நம் செயலால் அவையே பெருகி நிறைந்துவிடக் கூடாது என்பதுதான் அச்சம்.

கப்பலின் கீழ்த்தளம்

இக்கேள்வியைச் சிந்திக்குந்தோறும், நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இடம்பெற்றுள்ள கப்பல் உவமை நினைவுக்கு வருகிறது. ஒரு கப்பலில் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தளத்தையும் சிலர் கீழ்த்தளத்தையும் பெற்றனர். கீழே இருப்பவர் தண்ணீருக்காக மேலே சென்றுவர வேண்டியிருந்தது. மேலோருக்குத் தொல்லை தராமல், நம் பகுதியிலேயே ஒரு துளையிட்டுக்கொண்டால் என்ன என்று அவர்கள் எண்ணினர். அவர்களை அவ்வாறே விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இவ்வுவமையைத் தீமையைத் தடுக்கும் கடமைக்கு ஆதாரமாக மிம்பர்களில் கேட்டிருக்கிறோம். நாம் பெரிதும் கவனியாதது ஒன்றுண்டு: கீழ்த்தளத்தார் கெட்ட எண்ணம் உடையவரல்லர். அவர்களுக்கு இருந்தது தாகம். அவர்களுடைய நோக்கம் பிறருக்குத் தொல்லை தராதிருத்தல். அவர்கள் துளையிடக் கருதியதும் தம் பங்குக்கு வந்த பலகையில்தான். ஆயினும் கடல் பங்கு பிரித்துப் பார்த்து நுழைவதில்லை. நோயாளி ஒருவர் தமக்காக உட்கொள்ளும் மருந்தும் இவ்வாறே. மருந்து அவருடையது, பணம் அவருடையது, உடல் அவருடையது. ஆனால் பழகிய கிருமி அவருடையதாக நிற்பதில்லை.

அப்படியானால் நுரையீரல் அரிபட்டு மூச்சுத் திணறும் பிள்ளையின் தாயிடம் சென்று, ஊராரின் கண்ணீர் வலிமை குன்றாதிருக்க உன் பிள்ளைக்கு இம்மருந்து வேண்டாம் என்று சொல்லலாமா? பொதுத் தீங்கைத் தவிர்க்கத் தனித் தீங்கைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஃபிக்ஹில் ஒரு விதி உண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்விதியைக் கையிலெடுக்கும் முன் இரண்டு தீங்குகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் தீங்கு யகீன்; கண்முன் நிற்கும் உறுதி. ஊராரின் தீங்கு எதிர்காலத்தைப் பற்றிய அனுமானம். அனுமானத்துக்காக உறுதியான உயிரைப் பலியிடுவது நம் ஷரீஅத்தின் போக்கன்று. அந்தப் பிள்ளைக்கு மருந்து கூடும்; இருந்தும் கொடுக்க மறுப்பதே பாவமாக முடியலாம்.

ஆனால் நிர்ப்பந்தத்தால் அனுமதிக்கப்பட்டது நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பதும் அதே ஃபிக்ஹின் விதி. பிள்ளையின் உயிருக்காகத் திறந்த வாசல் வழியே வணிகரும் நுழைந்துவிடக் கூடாது. கோழி பருக்கவும், சோப்பு விற்கவும், பற்பசையின் விளம்பரத்துக்கும் மனிதக் கேடயத்தின் பிரதியை ஊரெங்கும் இறைத்தால், அது தாகத்துக்கு இட்ட துளையுமன்று. விளையாட்டுக்கு இட்ட துளை. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு நேர்ந்தது இதுவே. அங்கே இழந்தது ஒரு பூஞ்சையின் வாள். இங்கே இழக்கக்கூடியது தாய்ப்பாலில் இறைவன் வைத்த காவல்.

உவமையின் மறுபாதியையும் மறக்கலாகாது. கையைப் பிடித்துத் தடுக்கும் மேல்தளத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. தண்ணீர் அவர்கள் பக்கம் அல்லவா இருக்கிறது? தாகத்தால் தவிப்பவனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் தண்ணீரும் கொடாதிருப்பவன் கப்பலைக் காத்தவனாவானோ? செல்வ நாடுகளும் செல்வர்களும் இதனை எண்ண வேண்டும். ஏழைக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு விந்தைப்பால் தேடுவது நன்றே. அக்குழந்தைக்குத் தூய குடிநீரும் கழிப்பிடமும் கிடைத்திருந்தால், பெரும்பாலும் நோயே வந்திராது. 1971-இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையோர பான்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, திலீப் மஹலானபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். மேல்தளத்துத் தண்ணீரைக் கீழே இறக்கிக் கொடுத்த செயல் அதுவே.

பெரு நாட்டில், மனித லைசோசைமும் லாக்டோஃபெரின் என்னும் புரதமும் விளைந்த அரிசியைக் கொண்டு செய்த கரைசலை, வயிற்றுப்போக்குற்ற 140 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் சோதித்தனர். அதனைப் பெற்ற குழந்தைகள் சீக்கிரம் குணமடைந்தனர் என்று 2007-இல் வெளியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, பெற்றோருக்கு எல்லாம் விளங்கச் சொல்லப்பட்டதா என்று அந்நாட்டில் பெருஞ்சர்ச்சை மூண்டது. அதில் யார் சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஏழையின் பிள்ளையைச் சோதனைக்கு எடுக்கும்போது, அவனுடைய தாய்க்குப் புரியும் மொழியில், அவள் மறுக்கும் உரிமையோடு சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அனுமதி என்பது கைநாட்டு வாங்குவதன்று.

நன்றி என்பது யாது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஷுக்ரைப் பற்றி விளக்குமிடத்தில் ஓர் ஆழ்ந்த கருத்தைக் கூறுகிறார்கள். ஒரு நிஃமத்தை அது எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்தில் பயன்படுத்துவதே நன்றி. நோக்கத்துக்கு மாறாகச் செலவிடுவது நன்றிகேடு. தேவையின்றி மரக்கிளை ஒன்றை முறிப்பதும் அதில் அடங்கும் என்பது அவர்கள் கருத்து. கிளையை முறிப்பதற்கே இத்தகைய கணக்கு உண்டென்றால், ஆதமின் மக்கள் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்பட்ட கேடயத்தை அலட்சியமாகத் தேய்ப்பதற்கு எத்தகைய கணக்கு இருக்கும்!

அக்கேடயம் யாருடைய சொத்து? மன்னனின் கண்ணீரிலும் மாடு மேய்ப்பவனின் கண்ணீரிலும் அது ஒன்றே. யாரும் அதனை உழைத்துப் பெறவில்லை. வாரிசாகப் பெற்றோம், வாரிசாக விட்டுச் செல்வோம். இவ்வாறு கையில் வந்து, கைமாறிச் செல்ல வேண்டிய பொருளுக்கு அரபு மொழியில் அமானத் என்று பெயர். அமானத்தை வைத்திருப்பவன் அதனைப் பயன்படுத்த இசைவு பெறலாம். கெடுத்துவிட இசைவு பெறவே முடியாது. ஏனெனில் இசைவு தர வேண்டியவர்களில் இன்னும் பிறவாதவர்களும் உள்ளனர்.

எனவே இத்துறையின் மருந்து ஒன்று நம் முன் வரும்போது, ஹலாலா ஹராமா என்று கேட்டுத் திரும்பிவிடாமல், மேலும் சில கேள்விகளையும் நம் உலமாக்களும் மருத்துவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். இதற்குப் பழகிய கிருமி நம் உடலின் இயற்கைப் புரதத்தையும் தாங்குமா என்று, விற்பனைக்கு வருமுன் சோதித்தார்களா? ஓரிரு எழுத்தை மாற்றும்போது, இயற்கைக் கேடயத்துக்கு இடர் நேராத வகையில் மாற்ற வழியுண்டா? வேறு மருந்து உள்ள நோய்க்கும் இதனைக் கொடுக்கிறார்களா? மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு விடை பெறாமல் கூடும் என்பதும் கூடாது என்பதும் ஃபத்வாவுக்குரிய ஆராய்ச்சி ஆகாது.

விடை பெற வேண்டுமானால், கேட்கத் தெரிந்தவர் வேண்டும். ஊரில் மருத்துவர் இல்லாதிருக்க, அறிஞர் யாவரும் சட்ட வாதத்திலேயே மூழ்கியிருக்கும் நிலையைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் காலத்திலேயே கண்டித்து, மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்றார்கள். சமுதாயத்தில் சிலராவது அதனை நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமை அது. இன்று நம் பிள்ளைகளில் மருத்துவம் பயில்வோர் பெருகியுள்ளனர், நன்று. கிருமியையும் மரபணுவையும் ஆராயும் துறைக்கும் அவர்களில் சிலர் செல்லட்டும். மதரசாவில் ஓதும் பிள்ளைகளுக்கு அவர்கள் வந்து இவற்றை விளக்கட்டும்; ஓதிய பிள்ளைகள் அவர்களுக்கு உஸூலின் விதிகளை எடுத்துரைக்கட்டும். வீட்டிலுள்ள நாமோ, இன்று கையிலிருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்வதிலும், அண்டைவீட்டாரின் மீதி மாத்திரையை வாங்கி விழுங்காதிருப்பதிலும் தொடங்கலாம். அதுவும் துளையிடாதிருத்தலே.

நம் கண்களில் அவன் வைத்த காவலை அறிந்து, அதன் அமானத்தைப் பேணி, நோயுற்றோருக்கு உதவும் அறிவையும், அவ்வறிவை அளவோடு ஆளும் அச்சத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.